இறக்கிவிடும் வரிசை

"இறங்காதீங்கம்மா! ஸ்கூல்ல இருந்து அனுப்பின அறிவிப்பைப் படிக்கலையா? பெத்தவங்க காரை விட்டு இறங்கக் கூடாது!"

டுவைட் விசிலை ஊதினான். காலையில் பள்ளி வாசலில் நின்று கார்க் கதவுகளைத் திறந்துவிடும் தன்னார்வலன் அவன்.

"பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்தா குடி முழுகிடுமா?" என்று, காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தபடி சீறினாள் பிரிஜிட்.

"கொஞ்சறதையெல்லாம் வீட்டோட வச்சுக்குங்க. வண்டியை எடுங்க!"

அடுத்த கார் வந்து நின்றது. இறங்கிய சிறுமியின் தொப்பியைச் சரிசெய்தான். குனிந்து, ஒழுங்காக இருந்த ஷூ லேஸை அவிழ்த்து, மெதுவாகக் கட்டினான். பின்னால் ஹாரன்கள் அலறின.

"இந்தக் காருக்கு மட்டும் தனிச் சட்டமாய்யா?" முன்னால் நகர்ந்திருந்த தன் காரின் ஜன்னல் வழியே கத்தினாள் பிரிஜிட்.

அந்தச் சிறுமியின் காரை ஓட்டிவந்தவள் திரும்பாமலே சொன்னாள்:

"போதும் டுவைட். பொண்ணைப் பார்க்க கோர்ட்டு உனக்குக் கொடுத்தது ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். இன்னிக்குச் செவ்வாய்."