ஆசித்தப்பா

குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் நாவல் மாமனார் மடியில் இருந்தது.

எல்லாம் என் கணவர் செய்த வேலை. அச்சகத்துக்கு அனுப்பும் முன் வேறு யாராவது ஒருமுறை படிக்கட்டும் என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானே போடும் புத்தகம், என்னை யார் கேட்பது என்கிற மிதப்பு. பார்த்தார், தாளில் அச்செடுத்துத் தன் அப்பாவிடமே நீட்டிவிட்டு அலுவலகம் போய்விட்டார்.

வேறு ஆளே கிடைக்கவில்லையா? மருந்து அட்டையில்கூட எழுத்துப்பிழை பிடிக்கிறவர் மாமா. அதுகூடப் பரவாயில்லை. நாவலில் வரும் கஞ்ச மகாபிரபுவே அவர்தான்.

முதலில் 'மாமா' என்றுதான் எழுதியிருந்தேன். முடித்த பிறகு பயம் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் முகம் சுளிக்காத மனிதர். அவர் மனசு நொந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் கணினியில் ஒரே தட்டில் எல்லா மாமாவையும் சித்தப்பா ஆக்கிவிட்டேன். எனக்குச் சித்தப்பாவே கிடையாது, சண்டைக்கு வர ஆளில்லை.

கதவோரமாக நின்று எட்டிப் பார்த்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னல் காற்றில் படித்துக்கொண்டிருந்தார். கையில் துக்கடா பென்சில். பிடிக்க வாகாக அதைத் தீர்ந்துபோன பேனாக்கூட்டில் செருகியிருந்தார்.

திடீரென்று தொப்பை குலுங்கச் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏம்மா, இந்த ஆசித்தப்பா யாரு? பக்கத்துக்குப் பக்கம் வர்றாரு, ஒரு வேலையும் செய்யக் காணோமே?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கதையில் ஒரு வீட்டுத் தரகர், எதைச் சொன்னாலும் "ஆமாமா" என்பார். கணினிக்கு உறவுமுறையா தெரியும்? அந்த ஆமாமாவுக்குள் இருந்த மாமாவையும் அது விட்டுவைக்கவில்லை. "ஆசித்தப்பா, ஆசித்தப்பா, நல்ல வீடு" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார் தரகர்.

பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்!

"தட்டச்சுப் பிழை மாமா."

அவர் அந்தச் சொல்லையே பார்த்தார். எழுத்துக் கூட்டுவது போல உதடு அசைந்தது. முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

சமையலறைக்குள் புகுந்துகொண்டேன்.

மதியம் தாள்கட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மெல்லப் புரட்டினேன். ஒற்று விட்ட இடம், லகர ளகரம் மயங்கிய இடம், எதுவும் தப்பவில்லை. தரகர் பழையபடி ஆமாமா போட்டார். கூடவே, ஒவ்வொரு 'சித்தப்பா'வையும் அடித்து, மேலே குண்டு குண்டாக 'மாமா' என்று எழுதியிருந்தார்.

தீர்ந்த பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் பிளந்து வழித்தெடுக்கும் இடத்தில் மட்டும், ஓரமாக ஒரு குறிப்பு.

"கத்தரிக்கோல் அன்று, பிளேடு. கத்தரிக்கோலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வீணாகும்."