ஐந்தாவது அட்டை

இயந்திரத்துக்குள் கையை விடுகிறவர் தன் பெயர் அட்டையைச் சுவிட்சில் மாட்ட வேண்டும். மாட்டியவரேதான் கழற்ற வேண்டும்; அட்டை தொங்கும்வரை யாரும் சுவிட்சைப் போடக் கூடாது. பினாங்குக் கல்லூரியின் ஆட்டோமேஷன் பட்டறையில் 1988இல் அதுதான் சட்டம்.

மூன்று வருடமாகக் கடகடக்கும் கன்வேயரைச் சரிசெய்வது இறுதித் தேர்வு. யோகலட்சுமியின் குழுவில் நால்வர். வேலை முடிந்து நான்கு அட்டைகளையும் கழற்றிய பிறகும் ஒன்று தொங்கியது: விநாசித்தம்பி. அப்படி ஒருவர் கல்லூரியிலேயே இல்லை.

"யாரோ வெளாடுறாங்க லா. ஆன் பண்ணு, அஞ்சு நிமிஷந்தான் இருக்கு," என்றான் முத்துவீரப்பன்.

"அட்ட தொங்குதுல்ல? அவரு முடிக்கட்டும்," என்று யோகலட்சுமி கைகட்டி நின்றாள்.

மணி அடித்தது. தேர்வு போயிற்று என்று மற்ற இருவரும் பையைத் தூக்கினார்கள். இப்படி ஒருத்தியை முத்துவீரப்பன் பார்த்ததில்லை. அவன் மட்டும் அவளோடு நின்றான்.

மறுபடி பார்த்தபோது அட்டை தொங்கிய கொக்கி காலியாக இருந்தது. அதில் புதுக் கிரீஸ் ஒட்டியிருந்தது.

"நன்றிண்ணே," என்று சொல்லிவிட்டு அவள் சுவிட்சைப் போட்டாள்.

கன்வேயர் சத்தமே இல்லாமல் ஓடியது.