பச்சைப் பட்டன்

லேசர் மெஷினில் ஒரு பலகையை வெட்ட, கம்ப்யூட்டரில் முப்பத்திரண்டு இடத்தில் தட்ட வேண்டும். நெய்வேலி டவுன்ஷிப் பொதுப் பட்டறைக்கு வருகிறவர்கள் மூன்றாவதிலேயே திணறி, "தமிழ்மாறா, நீயே பண்ணிக் குடுப்பா" என்று எழுந்துவிடுவார்கள்.

பக்கத்து வடக்குத்து கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும் தமிழ்மாறன், அங்கே ஏழு வருஷமாகக் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். பெர்மனென்ட் ஆவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். ஷிப்ட் முடிந்த பிறகும் ஆறு மாதம் கண் எரிய உட்கார்ந்து, சாஃப்ட்வேரை ஒரே பச்சைப் பட்டனாகச் சுருக்கினான்.

அதிகாரி இசக்கிமுத்து சோதிக்க வந்தார். கோல அச்சு வெட்ட வந்திருந்த புஷ்பவல்லி அக்காவை மெஷின் முன்னால் உட்கார வைத்தார். அக்கா பட்டனை அமுக்கினாள். அச்சு இம்மி பிசகாமல் வந்தது.

"பக்கத்துல ஆள் நின்னு சொல்லித் தர வேண்டாமாடே?"

"யாருமே வேணாங்க சார்" என்றான் தமிழ்மாறன் பெருமையாக.

"கெட்டிக்காரன்டே நீ."

மறுவாரம் அவன் உள்ளே நுழைந்தபோது, இசக்கிமுத்துவே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூடிக்குள், தேக்குப் பலகையில் தன் பெயர் எழுத்து எழுத்தாக விழுவதைத் தமிழ்மாறன் பார்த்தான். பெர்மனென்ட் ஆட்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை அதே அளவுதான். வெளியே ஓடி அம்மாவுக்குப் போன் போட்டான்.

"பெர்மனென்ட் ஆயிடுச்சும்மா. சார் தன் கையாலயே எனக்குப் பேர்ப்பலகை வெட்டிக்கினு இருக்காரு."

திரும்பி வந்தவனிடம் இசக்கிமுத்து பலகையை நீட்டினார். பெயருக்குக் கீழே, 'ஏழாண்டு சேவைக்கு நன்றி. சென்று வருக' என்றிருந்தது.

"நீ சொன்னது வாஸ்தவம்டே" என்றார். "ஆளே வேண்டாம். நானே ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டேன்."