போனை வைத்தால்தான்

மாலை வெயில் சாய்வாக விழுந்து கம்ப்யூட்டர் திரையை மங்கடிக்கிறது. மோடம் டிக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிப்போகிறது. டயல் டோன் இல்லை என்று திரை மறுபடியும் சொல்கிறது. கடல் தாண்டியிருக்கும் மகன், பிறந்த பேத்தியின் முதல் படத்தை மெயிலில் அனுப்பியிருக்கிறான். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், பக்கத்திலிருக்கும் போனை எடுத்துச் சேவை மையத்தைக் கூப்பிடுகிறார். "வீட்டுல வேற யாராவது ரிசீவரை எடுத்து வச்சிருக்காங்களாம்மா?" என்று ஒரு பெண் குரல் கேட்கிறது. "வேற யாரும்மா இருக்கா? நான் ஒருத்திதான்." மோடத்துக்குப் போகிற ஒயரைப் பார்க்கச் சொல்கிறாள் அந்தப் பெண். டீச்சர் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மேஜைக்கடியில் மண்டியிட்டு, தூசிக்குள் கையை விட்டுத் துழாவுகிறார். ஒயர் பாதி கழன்று தொங்குகிறது. அழுத்தியதும் கச்சிதமாக உட்காருகிறது.

"அவ்வளவுதாம்மா. இனி நீங்க போனை வச்சாத்தான் நெட்டுக்கு லைன் கிடைக்கும்."

"இதோ வைக்கிறேன்மா." ஆனால் ரிசீவர் காதைவிட்டு இறங்கவில்லை. தலைக்குமேல் மின்விசிறி கிறீச்கிறீச்சென்று சுற்றுகிறது. "உங்க பக்கம் வெயில் எப்படிம்மா?" என்று கேட்கிறார் டீச்சர். "இங்கேயும் கொளுத்துதும்மா," என்கிறாள் அந்தப் பெண். டீச்சர் தரையிலேயே காலை நீட்டி, சுவரில் சாய்ந்துகொள்கிறார்.