மணிக்கயிறு

அரசர் ஊரெங்கும் பள்ளிகள் திறந்தவர், சித்திரவதையை ஒழித்தவர். அடுத்து ஒரு சட்டநூல் எழுதினார். இனி இதில் உள்ளது மட்டுமே சட்டம், நீதிமன்றங்களின் பழைய வழக்கம் எதுவும் செல்லாது என்று ஆணையிட்டார். அந்த ஆணையோடு அதிகாரி மகிழ்மாறன் வந்தபோது, நீதிபதி வைரவநாதர் முன்னால் செங்கமலம் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். அரசுக் களஞ்சியத்தில் நெல் திருடியவள். புதிய நூலின்படி அவளுக்குத் தூக்கு. பால்குடிக் குழந்தை உள்ளவளைத் தண்டிப்பதில்லை என்பது அந்த மன்றத்தின் வழக்கம்.

அதிகாரி ஆணையைப் படித்து முடித்தார். “தீர்ப்பைச் சொல்லுங்க.”

“மணி அடிக்கலையே” என்றார் வைரவநாதர். “எந்த ஆணையும் இங்க மணி அடிச்ச பிறகுதான் நடப்புக்கு வரும்.”

“அது எந்த நூல்ல இருக்கு?”

“எதுலயும் இல்ல. வழக்கம்தான்.”

அதிகாரி சிரித்தார். “சரி, கடைசி வழக்கமா அதுவும் இருந்துட்டுப் போகட்டும். நானே அடிக்கிறேன்.”

விறுவிறுவென்று நடந்துபோனவர் மணிக்கயிற்றருகே ஒரு கணம் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் கயிற்றைத் தொட்டார். அதைத் தொடுகிற எவரும் அங்கே அப்படித்தான் செய்வார்கள். அவரை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

மணி ஓய்கிறவரை வைரவநாதர் அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செங்கமலத்தின் பக்கம் திரும்பினார்.

“குழந்தை இன்னும் பால் குடிக்குதாம்மா?”