ஆட்சேபணை இல்லை

“அந்த லெட்டரைக் காட்டுங்க சார்” என்றேன்.

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று, பஸ் ஏறியது முதல் பள்ளிக்கூட கேட் வரை அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். அழு, காலில் விழு, எதையாவது செய். அந்த லெட்டரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

நான் காலில் விழுகிற ரகம் இல்லை.

கரஸ்பாண்டென்ட் வரதன் சார் சிரித்தார். பள்ளிக்கூடமே அவருடையது. சிப்காட் தொழிற்பேட்டைத் தூசி உள்ளே வராமல் ஜன்னலை அடைத்து ஏசி போட்டிருந்தார்.

“பூமிகா, நீ நம்ம ஸ்கூல்ல படிச்ச பொண்ணு. உன் தம்பி ஹோம்வொர்க் எழுதல, கணக்கு சார் ஒரு அறை உட்டாரு. அதுக்குப் போயி ஸ்டேஷன், கேசுன்னு பேஜாரு பண்ணிக்கினு...”

ஒரு அறை.

தீனாவுக்குப் பன்னிரண்டு வயது. இடது காதின் சவ்வு கிழிந்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழையபடி கேட்குமா என்று அவருக்கே தெரியவில்லை. நேற்று ஹைவே ஓரமாக நடந்து போகும்போது பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல், வண்டி வந்த பக்கமே ஒதுங்கினான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். எதுக்குக்கா இழுக்கற என்று என்னிடமே கோபப்பட்டான்.

“இன்னொரு காது நல்லாதான் கேக்குது சார்” என்றாள் அம்மா, கையைக் கட்டிக்கொண்டு.

அவளை ஓர் அறை விடலாமா என்று கை பரபரத்தது. விரல்களை மடக்கிக்கொண்டேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் முதலில் நீளுவது கைதான்.

சார் ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார். எல்லாம் எங்கள் தெரு லெட்டர்கள். நாற்பத்து மூன்று.

பள்ளியில் கேட்டு வாங்குவதில்லை. நாங்களாகவே கொடுப்போம். ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்கும்போது, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரத்திலும் தாய்மார்கள் வந்து வாத்தியார் கையில் கொடுத்து, அடிச்சாவது படிக்க வைங்க சார் என்பார்கள். அடி வாங்காத பிள்ளை பிற்காலத்தில் லோடு தூக்கத்தான் போகும் என்று அவர்களுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பாசம்.

எங்கள் வீட்டு லெட்டரை உருவி என் முன்னால் வைத்தார்.

‘என் மகன் படிக்கத் தவறினாலோ, ஒழுங்கீனமாக நடந்தாலோ, தாங்கள் எவ்விதத்தில் தண்டித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதனால் ஏற்படும் எந்த விளைவுக்கும் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல.’

கீழே, எல்லம்மா.

“பிள்ளைங்கள அடிக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்குது சார்.”

“சட்டம் இன்னா சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதும்மா. உங்கம்மா இன்னா சொல்லிக்கிறாங்கன்னு இதுல இருக்குது.”

போனை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடித்தேன். தடுப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“எடுத்துக்கோ. எடுத்துக்கினு எங்க போவே?”

அவருக்கு என் கையெழுத்து தெரியும். பத்து வருடம் இந்தப் பள்ளியில் படித்தவள்.

அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். அதற்கு மேலே இருப்பதெல்லாம் நான் எழுதியது. நாற்பத்து மூன்றும் நான் எழுதியவை. பி.காம். ரிசல்ட் வந்த வாரம், தெருவே பேப்பரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றது. டிகிரி முடித்த பொண்ணு எழுதினால் சார் மதிப்பார் என்றார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அவர்கள் சொன்னது, அடிக்கலாம் என்பது மட்டும்தான். பொறுப்பல்ல என்ற வரியை யாரும் சொல்லவில்லை. ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “உன் பேரும் வரும்டி” என்றாள், அவருக்குக் கேட்காத குரலில்.

வரும். புகாரை நேற்றே எழுதி முடித்துவிட்டேன். கணக்கு வாத்தியார், அடுத்து வரதன் சார், அதற்குக் கீழே ‘மேற்படி கடிதத்தை எழுதியவர்’ என்று என் பெயர். இணைப்பு ஒன்றுதான் பாக்கியாக இருந்தது.

கையை உதறிக்கொண்டு, சார் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வெளியே நடந்தேன்.