முகவரிக் கட்டம்

மதிய வெயில் மேசையில் பாதிவரை வந்து நிற்கிறது. மகள் மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறாள். மாணவர்கள் ஆன்லைனில் வகுப்புக்குப் பதிவு செய்ய அம்மா வடிவமைத்த பக்கம் அது. இன்றுதான் அதன் முதல் சோதனை; நிரப்பிப் பார்ப்பவள் மகள். அம்மா பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறாள். நிரப்புகிறவர் எங்கே திணறினாலும் வாயே திறக்கக் கூடாது, பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் இந்த வேலையின் விதி. பெயர், பிறந்த தேதி, விருப்பப் பாடம் எல்லாம் மளமளவென்று நிரம்புகின்றன. வீட்டு முகவரிக் கட்டத்தில் விரல்கள் நிற்கின்றன. "அம்மா, ஒரு முகவரிதான் போட முடியுமா?" "நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா. உனக்கு எது தோணுதோ அதைப் போடு." கட்டத்துக்குள் சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னுகிறது. நேரம் அளக்க வைத்திருக்கும் அம்மாவின் போனில் விநாடிகள் ஓடுகின்றன. மகள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். பிறகு, ஆறு மாதமாக அப்பா தனியாக இருக்கும் வீட்டின் முகவரியை, கதவு எண்ணிலிருந்து பிசகாமல் அடிக்கிறாள். பதிவு முடிந்ததென்று பச்சை எழுத்து வருகிறது. "ஈஸியாத்தாம்மா இருக்கு," என்கிறாள், திரும்பாமலே. அம்மா நோட்டில் எழுதுகிறாள்: முகவரிக் கட்டத்தில் நாற்பது விநாடி தயக்கம். மற்றபடி சிக்கல் ஏதுமில்லை.